குஜா தோற்ற சுல்குனி வழக்கு

சமவெளியில் இருக்கும் சுக்திதியிலிருந்து மலைமேல் இருக்கும் மெஸ்தியாவுக்கு மினி பஸ் ஓட்டும் குஜாவுக்கு மலைச் சாலையில் பயம் கிடையாது. பாறை உருண்டு வந்தாலும் ஒரு கையால் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு மறு கையால் வண்டியை வளைத்துவிடுவார். அவருடைய வாய்க்குத்தான் பிரேக் இல்லை. அந்த வாயால்தான் சுல்குனி போயிற்று.

குஜா சமவெளி மெக்ரேலியர். மேலே மலையில் இருப்பவர்கள் ஸ்வான்கள். சுல்குனி என்ற பாலாடைக்கட்டியை முதலில் செய்தது நாங்கள்தான் என்று சொல்லாத வாய் இரண்டு பக்கத்திலும் கிடையாது. மலையில் பெண் எடுத்த புத்தியுள்ள மெக்ரேலியன் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டான். குஜாவோ, மாரோவை மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்து, அவள் கையால் செய்த சுல்குனியை வருஷக்கணக்கில் தின்று கொழுத்துவிட்டு, மச்சான் ஜோகோலா வீட்டு விருந்திலேயே எழுந்து நின்று, மது ஊற்றிக் குடிக்கும் மாட்டுக் கொம்பைத் தூக்கினார்.

“மலையில பாலு தாராளமா இருந்துச்சு, ஒத்துக்கறேன். அத என்ன பண்றதுன்னு சொல்லிக் குடுத்தது எங்க ஆளுங்க. அந்த நன்றிக்கு எல்லாரும் குடிங்க.”

விருந்தை நடத்தும் தமடா இதைச் சொல்லியிருந்தால் வயிறு எரிந்தாலும் குடித்துத்தான் ஆக வேண்டும். அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அன்று குஜா தமடா இல்லை, வெறும் விருந்தாளி. ஜோகோலா மதுவைத் தரையில் ஊற்றிவிட்டுக் கொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

வீடு வந்து சேரும்வரை மாரோ பொறுத்துக்கொண்டாள். வந்ததும் பேசினாள்.

“உங்க ஆளுங்கதான சொல்லிக் குடுத்தாங்க? இனிமே அவங்களயே செஞ்சு தரச் சொல்லு.”

“விளையாட்டுக்குச் சொன்னேன்டி.”

“விருந்துல சொன்னத விருந்துலயே நிரூபி. இல்லன்னா விருந்துலயே வாபஸ் வாங்கு. அதுவரைக்கும் இந்தக் கை தயிர்க்கட்டியத் தொடாது.”

மற்றதெல்லாம் செய்தாள். சமைத்தாள், சட்டை துவைத்தாள், மாட்டைக் கறந்தாள். கறந்த பாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சந்தையிலிருந்து சுல்குனி என்று ஒரு வெள்ளை வட்டத்தை வாங்கி வந்து வைத்தாள். உப்புத் தண்ணீரில் ஊறிய ரப்பர் செருப்பை மென்றது போல இருந்தது குஜாவுக்கு. மாரோ தன் சுல்குனியைப் போட்டுக் கிண்டினால் எலார்ஜி என்ற மக்காச்சோளக் களி தட்டிலிருந்து வாய்வரை நூலாக இழுபடும். இந்தச் சுல்குனியைப் போட்டுக் கிண்டிய களி கரண்டியிலிருந்து பொத்தென்று விழுந்தது. மனுஷர் இளைத்தே போனார்.

அப்படித்தான் குஜா ஆராய்ச்சியாளர் ஆனார். நூலகத்துக்கெல்லாம் போகவில்லை. மெக்ரேலியரும் ஸ்வான்களும் பாதிக்குப் பாதி ஏறும் வண்டி கையில் இருக்கும்போது நூலகம் எதற்கு? கியர் போட்டதும் கேள்வியையும் போட்டார். கல் கோபுரம் கட்டிய நாளிலேயே எங்களிடம் சுல்குனி இருந்தது என்றார் ஒரு ஸ்வான். கோபுரம் யாரிடம் கடன் வாங்கிய கல் என்று கேட்டாள் மிளகாய் மூட்டையும் கோழிகளுமாக வந்த ஒரு மெக்ரேலிய அம்மாள். அடுத்த வளைவில் கோபித்துக்கொண்டு இறங்கியும் விட்டாள். அவளுடைய கோழிகள் வண்டியிலேயே இருந்ததால் குஜா பின்னாலேயே வண்டியை ஓட்டிப் போய்க் கெஞ்சி ஏற்றிக்கொண்டார்.

கடைசியில் உண்மை மாரோவின் சித்தப்பா பிமுர்சாவிடம் இருந்தது. விறகு பிளந்துகொண்டிருந்தவர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய சொல்லிராத மாப்ள. எங்க ஊருல அப்பல்லாம் வெறும் உப்புக் கட்டிதான். வெந்நீர்ல போட்டுப் பிசஞ்சு இழுக்கறதெல்லாம் எங்க அப்பாவோட ஆத்தா வந்தப்பறம். அவ கீழ இருந்து வந்த மெக்ரேலியப் பொண்ணு.”

குஜாவுக்கு அவரை விறகோடு சேர்த்துத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. “எந்த ஊருப் பொண்ணு மாமா?”

“சக்குரி.”

குஜா அங்கேயே ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சக்குரி அவருடைய ஊருக்கு ஓடை தாண்டி இருப்பது. எந்தக் காலத்திலோ ஒரு கால்பந்தாட்டத்தில் நடுவரைத் தூக்கி அந்த ஓடையில் போட்டவர்கள் சக்குரிக்காரர்கள். நடுவர் குஜாவின் அப்பா. ஆதாரத்தை விருந்தில் சொன்னால் சுல்குனிப் பெருமை முழுக்கச் சக்குரிக்குப் போய்விடும். மலைக்காரனிடம் தோற்றால் வருஷத்துக்கு ஒரு தடவை மூஞ்சியைத் தொங்கப் போட்டால் போதும். சக்குரிக்காரனைப் பாலத்தில் தினமும் பார்த்தாக வேண்டும். பார்த்தால் அவன் சிரிப்பான்.

புனித ஜார்ஜ் திருநாள் வந்தது. விருந்து குஜா வீட்டில், தமடாவும் அவரே. ஒரு பக்கம் ஜோகோலாவும் பிமுர்சாவும் மலைச் சொந்தமெல்லாம். மறு பக்கம் ஊர்க்காரர்கள். நடுவில், குஜாவின் அத்தை மகளைக் கட்டிய தோஷத்துக்காகக் கூப்பிட வேண்டிவந்த சக்குரி கோச்சா. சமையலறை வாசலில் மாரோ கை கட்டி நின்றாள்.

குஜா எழுந்தார். ஆதாரம் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் ஜெயம், நாளைக்கே சுல்குனி.

“சுல்குனியை மலைக்குக் கொண்டுபோனது...” என்று ஆரம்பித்தார். கோச்சா மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு விஷயம் தெரியுமோ தெரியாதோ, அந்த மீசை போதும்.

“...யாருமில்ல,” என்றார் குஜா. “அது மலையிலயே பொறந்தது. ஸ்வான் பொம்பளைங்க கையில பொறந்தது. நாங்க அவங்ககிட்டதான் கத்துக்கிட்டோம். அந்தக் கைகளுக்குக் குடிங்க.”

ஸ்வான்கள் மேஜையைத் தட்டிய தட்டில் கோழிக்கறித் தட்டு துள்ளியது. ஊர்க்காரர்கள் குஜாவைத் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஆனாலும் தமடாவின் சொல், குடித்தார்கள். கோச்சாவும் குடித்தான். ஜோகோலா கண் கலங்கிக் கட்டிக்கொண்டார். பிமுர்சா மட்டும் தன் கொம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அடுப்பில் பால் இருந்தது. தயிர்க்கட்டி புளித்து, வெந்நீரில் பிசைபட்டு, மாரோவின் கையில் பளபளவென்று இழுபட்டது. எலார்ஜி தட்டுக்கு வந்தபோது குஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் வாயை விழுங்கவிட்டு மாரோ கேட்டாள்.

“சித்தப்பா சக்குரின்னு சொன்னாரா?”

குஜாவின் கரண்டி நின்றது. “உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? அந்தச் சக்குரிக் கெழவி கைப்பக்குவம் எங்க அப்பாவோட ஆத்தாளுக்கு, அவகிட்டருந்து எங்க அம்மாவுக்கு, அப்பறம் எனக்கு. கல்யாணம் ஆன நாள்லருந்து நீ சப்புக் கொட்டித் தின்னதெல்லாம் சக்குரி சுல்குனிதான்யா.”

கரண்டிக்கும் தட்டுக்கும் நடுவே நூல் இழுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. குஜா அதையே பார்த்தார். ஓடையை நினைத்தார், நனைந்து வந்த அப்பாவை நினைத்தார், கோச்சாவின் மீசையையும் நினைத்தார்.

“கதவச் சாத்து,” என்றார். “சாத்திட்டு இன்னும் கொஞ்சம் போடு.”