நீலம் கூடிப்போன பச்சை

கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். ரோசலின் டீச்சரின் தம்பி மகள் போன் செய்தாள். "அத்தை வெள்ளனே போயிட்டாங்க, மாமா. தூக்கத்துலயே. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்." ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டேன். பெருமாள்மலையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கும், கொடைக்கானலில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அவருக்கும் என்ன உறவு என்று கேட்டால், பழைய கார் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த மலையில் பழைய காரை வைத்துக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவரைத் தெரியாத உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வைப்பர் பிளேடு வாங்க வந்தவர், பானட் திறந்து நின்ற என் காருக்குள் எட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தது எங்கள் பழக்கம். இங்கிலாந்தில் செய்த சின்ன வண்டி. கம்பெனிப் பெயரைச் சொன்னால் அதே வண்டிக்காரர்கள் எந்த நிறம் சரியென்று சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன். எஞ்சினைச் சுற்றி எல்லாவற்றுக்கும் பளபளவென்று ஒரே கறுப்பு அடித்து வைத்திருந்தேன். "ரிசப்ஷன் மேடை மாதிரி இருக்கு, பாய்" என்றார். சுருக்கென்றது. "அழகா இல்லையா, டீச்சர்?" என்று கேட்டேன்.

"அழகா இருக்கான்னு கேக்காதீங்க. அப்படி இருந்துச்சான்னு கேளுங்க."

அன்றே ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகட்டைக் கழற்றினார். வெயிலோ எண்ணெயோ படாத பழைய பெயின்ட் அதனடியில் அப்படியே இருந்தது. கறுப்பில் மூன்று நான்கு வகை உண்டென்று எனக்குச் சொன்னவர் அவர்தான். பெயின்ட்டின் முன்னால் கையை நீட்டுவார். விரல் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தால் பளபளப்பு அதிகம். மங்கலாகத் தெரிந்தால் போதும். மலையின் பனிமூட்டத்தில் அடித்தால் கறுப்பு வெளுத்துவிடும் என்பதால், பாகங்களைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பெயின்ட் அடிக்க அடிவாரத்து வத்தலகுண்டுக்கு இறங்கிவிடுவார். "பிரியாணிச் சட்டியா, டீச்சர்?" என்று கண்டக்டர் கேட்டால், "ஆமா, சாயங்காலம் வாங்க" என்பார்.

என் எஞ்சினில்தான் சிக்கல் வந்தது. முன்பு வைத்திருந்த எவரோ அதை மொத்தமாகச் சுரண்டி வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார். கம்பெனி எஞ்சினுக்கு அடித்திருந்த அசல் பச்சையில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை. "எங்கப்பா வண்டியும் இதேதான். அந்தப் பச்சை எனக்கு மறக்காது" என்று நினைவிலிருந்தே கலந்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

சில மாதங்கள் கழித்து மதுரையில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு சீசனில் கொடைக்கானலில் பழைய கார்களின் போட்டி வந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த நடுவர் என் பானட்டுக்குள் குனிந்து, "இதுதாங்க சரியான பச்சை. இதைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றார். கோப்பை கைக்கு வந்துவிட்டதென்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இல்லைங்க. இது தப்பு. நீலம் கூடிப்போச்சு. கலந்தது நான்தான். கண்ணுல புரை இருந்தப்ப நீலம் எனக்குச் சரியாத் தெரியலை. பத்தலைன்னு நெனச்சு அள்ளி ஊத்தியிருக்கேன்."

நடுவர் சிரித்தார். "இருக்கட்டும் மேடம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே."

கோப்பை வேறு வண்டிக்குப் போனது. இறங்கி வரும்போது, "கோவமா, பாய்?" என்றார். "இருக்காதா, டீச்சர்?" என்றேன். "இருக்கட்டும். ஆறுனதும் வண்டியைக் கொண்டாங்க. சோலி கெடக்கு."

எனக்குப் போனது ஒரு கோப்பை. அவர் பணயம் வைத்தது அதைவிடப் பெரிது. இந்த மலையில் நிறம் என்றால் டீச்சர் சொல்வதுதான் முடிவு. பள்ளிக்கூட வேலை முடிந்து, தனியாக இருந்தவருக்கு அந்தப் பேர்தான் எல்லாமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே இருந்திருக்கும். அவரோ, புரை வளர்ந்த காலத்தில் தான் நிறம் சொன்ன வண்டிகளையெல்லாம் தேடிக் கிளம்பினார். மேல்மலையில் இருக்கும் போளூர் வரைக்கும் ஜீப்பில் போனார். பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். தகட்டடியில் அசலைப் பார்த்துக் கலந்தவை சரியாக இருந்தன. நினைவிலிருந்து கலந்தவற்றை, "இது என் கண்ணு பண்ண வேலை. திருத்திக் குடுத்திடுறேன்" என்று அவரே சொன்னார். சிலர் முகத்துக்கு நேரே சலித்துக்கொண்டார்கள். பூண்டு மண்டி வைத்திருக்கும் அந்தோணி, "இனி உங்களை எப்படி டீச்சர் நம்புறது?" என்று கேட்டுவிட்டுத் தன் வண்டியைக் காட்டவே இல்லை. அன்று டீச்சர் என் கடையில் நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

அடுக்கம் கிராமத்தில் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்க வைத்திருந்த எஞ்சின் என் வண்டியின் ரகம் என்று கேள்விப்பட்டுப் போனோம். டைனமோவைத் தாங்கும் இரும்பைக் கழற்றினால், அடியில் அசல் பச்சை. புதிதாகக் கலந்து பூசிக் கொண்டுபோன தகட்டை டீச்சர் அதன் பக்கத்தில் வைத்தார். எது பழையது, எது புதியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மட்டும் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அந்தப் பச்சைதான் இப்போது என் எஞ்சினில் இருக்கிறது.

அடக்கத்துக்கு அந்தோணியும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தின் கேட்டருகே என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் வண்டியை அவங்களுக்குக் காட்டாம விட்டுட்டேன், பாய். இனி நீங்கதான் பார்த்து, சரியா தப்பான்னு சொல்லணும்."

கூட நின்ற மற்றவர்களும் தலையாட்டினார்கள். டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்தில் என்னை உட்கார வைக்கிறார்கள் என்று புரிந்தது. ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

"பாக்குறேன், அந்தோணி" என்றேன். "அதுக்கு முன்னாடி மதுரைக்குப் போயி என் கண்ணைக் காட்டிட்டு வந்துடுறேன்."