அத்தானுக்கு நான் அளந்த கல்லுக் கதைகள்: யூட்டாப் பாலைவனத்தில் இரண்டு நாள்

இந்தப் பதிவை எழுதுவதா விடுவதா என்று கன நாள் இழுத்தடித்தேன். படங்களைப் போட்ட நாளில் இருந்து பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் போன் கடைக்கு வருகிற ஆட்கள் விடுகிறார்கள் இல்லை. “அண்ணை, கார் எங்கை எடுத்தனீங்கள்? இங்கிலிஷ் தெரியாட்டிப் போகலாமோ?” இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேணும். சொல்ல வெளிக்கிட்டால் என் மானம் கப்பல் ஏறும். பரவாயில்லை, ஏறட்டும்.

நாங்கள் போனது 2018 ஒக்ரோபரில். நானும் என் அக்காவின் புருசனும், இரண்டே பேர். அத்தான் இருபத்தைந்து வருசமாகப் பாரிசில் ரெஸ்ரோரண்ட் குசினிகளில் சமைத்தவர். ஒரு குசினிச் சுவரில் அமெரிக்காவின் சிவப்புக் கல் வளைவு ஒன்றின் படம் போட்ட கலண்டர் தொங்கியதாம். வருசம் முடிந்தும் அதைக் கழட்ட விடாமல் வைத்திருந்தாராம். “ஒருக்கால் போய்ப் பாக்கோணும்” என்று எப்போதும் சொல்வார். பிறகு சீனி வருத்தம் கண்ணைப் பிடித்துவிட்டது. நாங்கள் ரிக்கற் எடுத்த நேரம் அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தன. நிறம் எல்லாம் சாம்பலாகிப் போச்சு என்பார். அக்காவுக்கு முழங்கால் ஏலாது, பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் வீட்டிலேயே நின்றுவிட்டா. “நீ பாத்துப் பாத்துச் சொல்லு, அவர் கேட்டுக்கொண்டு வரட்டும்” என்று பருத்தித்துறை வடை ஒரு பெட்டி கட்டித் தந்து அனுப்பினா. என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் விபரங்கள். பாரிசில் இருந்து சோல்ற் லேக் சிற்றிக்கு நேர் விமானம், ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் பயண அனுமதியை இணையத்தில் எடுக்கலாம், அப்போது பதினாலு டொலர். கார்ட் செஜூர் என்கிற வதிவிட அட்டை மட்டும் வைத்திருப்பவர்கள் விசாவுக்கு அலையத்தான் வேணும், அதற்கு முன்கூட்டியே தொடங்குங்கோ. அங்கிருந்து மோவாப் என்ற சின்ன ஊருக்கு 375 கிலோமீற்றர். நாலு மணித்தியாலத்தில் போகலாம் என்பார்கள். வடையும் தேத்தண்ணியும் என்று நாங்கள் ஐந்தரை எடுத்தோம். பாதை நல்ல பாதை. ஆனால் நடுவில் நீண்ட தூரத்துக்குப் பெற்றோல் கிடையாது, கண்ட இடத்தில் அடித்துவிடுங்கோ.

மோவாப்பில் இருந்து ஆர்ச்சஸ் பூங்காவின் வாசல் பத்து நிமிசம். வருசம் முழுக்க எல்லாத் தேசியப் பூங்காவுக்கும் செல்லுகிற அட்டை ஒன்று எண்பது டொலருக்கு எடுத்தோம். உள்ளே ஒரே ஒரு பாதை, கடைசி மட்டும் 29 கிலோமீற்றர். இருபக்கமும் கல்லுத்தான். வீடு உயரம், கோபுர உயரம், அதற்கும் மேலே. இந்தப் பாதைக்கென்று போனில் இறக்கி வைத்துக் கேட்கிற ஒலி வழிகாட்டி ஒன்று இருக்கிறது. கார் ஓடிக்கொண்டிருக்க, அந்தந்த இடம் வந்ததும் தானாகவே கதைக்கத் தொடங்கும். “இனி இடப்பக்கம் பாருங்கோ, அடுத்த தரிப்பிடத்தில் நிப்பாட்டுங்கோ” என்று பக்கத்தில் ஒரு ஆள் இருந்து சொல்கிற மாதிரி. ஒரு காருக்கு ஒரு தரம் வாங்கினால் போதும். பூங்காவுக்குள் சிக்னல் கிடையாது, ஹோட்டலிலேயே இறக்கி வையுங்கோ. கண் தெரியாத மனுசனுக்கு இதைவிட என்ன வேணும் என்று பாரிசிலேயே தேடிப் பிடித்தவன் நான்தான். அந்தளவுக்கு நல்ல பிள்ளை.

இனித்தான் விசயம். அதைத் திறந்ததும் எந்தப் பாஷை என்று கேட்கும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானிஷ். அத்தானுக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. எனக்கும் ஓரளவு நல்லாக வரும். நான் அமத்தியது ஆங்கிலத்தை. ஏன் என்று கேட்டால், வாய்க் கொழுப்பு, வேறென்ன. ஊரில் இருந்து வெளிக்கிட்ட புதிதில், பிரான்சுக்கு வர முன்னம், லண்டனில் ஆறு மாதம் நின்றேன். அதை வைத்தே லா சப்பலில் என்னை இங்கிலிஷ்காரன் என்பார்கள். ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து ஏதும் கேட்பதென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் கார் எடுத்த இடத்தில் அங்கிருந்த பிள்ளையோடு நான் நாலு வசனம் விளாசியதைக் கேட்டு, “எட, நீ வெள்ளைக்காரன் மாதிரியெல்லோ கதைக்கிறாய்” என்று அத்தான் வேறு சொல்லிப்போட்டார். அது தலைக்கு ஏறிவிட்டது.

“தம்பி, இது என்ன பாஷையிலை கதைக்கும்?” என்று கேட்டார்.

“இங்கிலிஷ்தான் அத்தான். நீங்கள் யோசியாதேங்கோ, நான் சொல்லிக்கொண்டு வாறன்.”

வாசலைத் தாண்டி ஏற்றம் ஏறினோம். குரல் தொடங்கியது. ஐயோ கடவுளே, அது நான் லண்டனில் கேட்ட இங்கிலிஷே இல்லை. மூக்காலும் தொண்டையாலும் வருகிறது, ஒரு சொல் முடிய முன்னம் அடுத்தது. கடல், உப்பு, மில்லியன், இந்த மூன்றும் விளங்கின. பாலைவனத்தில் என்ன கடல்? “என்னவாம், என்னவாம்?” என்று அத்தான் காதைக் கிட்டக் கொண்டு வருகிறார். விளங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாஷையை மாற்ற ஒரு விரல் போதும், கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு அதைச் செய்து கொடுக்கிறவன் நான். செய்யவில்லை. “கல்லெல்லாம் சரியான பழசாம் அத்தான்” என்றேன்.

அடுத்த தரிப்பிடத்தில் பெரிய பாறை ஒன்றின் மேலே மூன்று உருவங்கள் கிட்டக் கிட்ட நிற்கின்றன. குரல் அதைப் பற்றி நீளமாகக் கதைத்துவிட்டுச் சிரிப்புக் காட்டியது. ஏதோ பகிடி. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. சும்மா இருந்திருக்கலாமே, இருந்தேனா? “மூண்டு சகோதரியளாம் அத்தான். தண்ணி தேடி வந்து, கிடைக்காமல் இதிலையே நிண்டு கல்லாப் போச்சினமாம்.” அத்தான் கண்ணாடியைக் கழட்டி, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு போனை எடுத்து அக்காவுக்குக் குரல் பதிந்தார். “இஞ்சரும், கேட்டீரோ, இஞ்சை மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்...” நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல், என்னைவிட வடிவாகச் சொன்னார். நான் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நிப்பாட்ட முடியவில்லை. ஒரு மெல்லிய காலில் நிற்கிற பெரிய பாறைக்கு ஒரு கதை, இரட்டை வளைவுக்கு ஒரு கதை. சண்டை பிடித்த அண்ணன் தம்பி, சாபம், கிழட்டு ராசா என்று அளந்து தள்ளினேன். ஒவ்வொன்றையும் அவர் அக்காவுக்குப் பதிந்தார். சிக்னல் இல்லாதபடியால் எல்லாம் போகாமல் போனுக்குள்ளேயே கிடந்தன.

பாதை முடிகிற இடத்தில் மேசை போட்டு வைத்திருக்கிறார்கள், இருந்து சாப்பிடலாம். பக்கத்து மேசையில் லியோனில் இருந்து வந்த வயதான பிரெஞ்சுத் தம்பதி. பிரெஞ்சு காதில் விழுந்ததும் அத்தானுக்கு முகம் மலர்ந்து போச்சு. வடைப் பெட்டியை நீட்டி, பார்வை இல்லாததைச் சொல்லி, நான் எப்படி எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்று என்னைப் புகழ்ந்து, அந்த மூன்று சகோதரிகளின் கதையையும் தன் குசினிப் பிரெஞ்சில் சொன்னார். நான் வடையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தேன்.

அந்தப் பெரியவர் நல்ல மனுசன், குத்திக் காட்ட வேண்டும் என்று கதைக்கவில்லை. “வேறு வழிகாட்டி போல” என்றார். “நாங்கள் கேட்டதில் அது மூன்று வம்பளப்பிகள். ஊர்க் கதை கதைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறதால் அந்தப் பேராம். கீழே ஒரு காலத்தில் கடல் இருந்து வற்றி, உப்புப் படிந்து, அந்த உப்பு அசைந்ததால் மேலே கல் வெடித்து இந்த வளைவெல்லாம் வந்ததென்று சொன்னார்கள்.” தன் போனைக் காட்டினார். அதே வழிகாட்டி. மனுசி சொன்னா, “பிரெஞ்சிலும் இருக்கிறதே, முதல் பக்கத்திலேயே.”

அத்தான் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். “பிரெஞ்சிலை இருக்கோ?”

“ஓம் அத்தான்.”

“உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

அத்தான் அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்து, “என்ர மச்சானுக்குக் கற்பனை கூட, கண் தெரியாத ஆளைச் சந்தோசப்படுத்தப் பாத்திருக்கிறார்” என்று பிரெஞ்சில் சொன்னார். என்னைக் காப்பாற்றினார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

காருக்குள் ஏறிய பிறகு போனை நீட்டினார். “அக்காக்குப் பதிஞ்சதெல்லாத்தையும் அழிச்சு விடு. அவ இதை மற்ற அக்காமாருக்கும் அனுப்புவா.” அழித்தேன். திரும்பி வந்தோம். வழிகாட்டிக் குரல் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் தன்பாட்டில் இங்கிலிஷில் கதைத்துக்கொண்டு வந்தது, அதை நிப்பாட்டக்கூட எனக்குக் கை வரவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மன்னிப்புக் கேட்டேன். “தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம் தம்பி” என்றார், அவ்வளவுதான். எனக்கு வதிவிட அட்டைக்கு அலைந்த பிரிபெக்சர் அலுவலகம் ஞாபகம் வந்தது. நான் பிரான்சுக்கு வந்து ஒரு சொல்லும் தெரியாமல் நின்ற காலம், தன் லீவு நாளில் இவர்தான் என்னோடு வரிசையில் நிற்பார். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் சொல்வது விளங்காவிட்டால், பின்னுக்கு நிற்பவர்கள் முணுமுணுக்க, திருப்பித் திருப்பிக் கேட்பார். அரைகுறையாக விளங்கியதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மனுசனுக்கு நான் செய்த வேலையைப் பாருங்கோ.

அடுத்த நாள் மோவாப்பை விட்டு வேறு பள்ளத்தாக்குக்குப் போவதாகத் திட்டம். அதை விட்டுவிட்டு அதே 29 கிலோமீற்றரைப் பிரெஞ்சில் திரும்ப ஓடினோம். நான் வாயைத் திறக்கவில்லை. வம்பளப்பிகளின் பகிடிக்கு அத்தான் உரத்துச் சிரித்தார். உப்பு, கடல், பனிக்கட்டி கல்லைப் பிளக்கிற விதம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். உண்மைக் கதை என் புளுகைவிட எவ்வளவோ நல்லாக இருந்தது. அதுவும் ஒரு வெட்கம்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஒக்ரோபர் நல்ல காலம், பகலில் வெயில் தாங்கலாம், விடிய நல்ல குளிர். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணி காரில் இருக்கட்டும். சில வருசங்களில் உள்ளே போக நேரம் பதிய வேண்டியிருக்கிறது, கிளம்ப முன்னம் பார்த்துக்கொள்ளுங்கோ. ஒலி வழிகாட்டி கட்டாயம் எடுங்கோ. ஒரு நாளில் ஓடி முடிக்கலாம், இரண்டு நாள் என்றால் ஆறுதலாகப் பார்க்கலாம். இங்கிலிஷ் தெரியாவிட்டால் ஒரு குறையும் இல்லை. காருக்குள் இருக்கிற எல்லோருக்கும் விளங்குகிற பாஷையை அமத்துங்கோ, ஒருவருக்கு மட்டும் தெரிந்த பாஷையை அல்ல. அந்த ஒருவருக்கே தெரியாத பாஷையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இந்தப் புத்தி எனக்கு ஏன் இவ்வளவு உறைத்தது என்றால், அந்த இரண்டாம் நாள் பின்னேரம் நடந்த ஒன்றால்தான். சூரியன் இறங்குகிற நேரம் உயரமான இடம் ஒன்றில் நின்றோம். பெரிய வெளி, கண் போகிற தூரம் மட்டும் கல்லு, எல்லாம் பற்றி எரிகிற மாதிரி நிறம் மாறிக்கொண்டு வருகிறது. வழிகாட்டி முடிந்துவிட்டது. இதை நான்தான் சொல்ல வேணும். “அத்தான், இப்ப எல்லாம் செக்கச் செவேலெண்டு இருக்குது. செத்தல் மிளகாய் இடிச்சுக் குவிச்ச மாதிரி” என்றேன். இது உண்மை. ஒரு எழுத்தும் பொய்யில்லை.

“ம்” என்றார். போன் கையில் இருந்தது. பதியும் பொத்தானுக்கு மேலே விரல் இருந்தது. அமத்தவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு பிரெஞ்சுப் பொம்பிளை தன் பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பி, மரியாதையாக, “பார்தோன் மதாம், இந்தக் கல்லெல்லாம் இப்ப என்ன நிறத்திலை இருக்குது?” என்று கேட்டார். அவள் முதலில் பகிடி என்று நினைத்தாள். பிறகு அவரின் வெள்ளைத் தடியைக் கண்டாள். “சிவப்பு, மிஸ்யூ. முழுக்கச் சிவப்பு” என்றாள்.

“மெர்சி மதாம்.”

அதற்குப் பிறகுதான் பொத்தானை அமத்தினார். “இஞ்சரும், இஞ்சை எல்லாம் சிவப்பு.”