டுரியான் பூதத்தின் வால்

அண்ணனுக்குக் கோபம் வருவது அபூர்வம். ஆனால் பூதம் பிடிக்கும் வீடியோ விளையாட்டின் புதுப் பதிப்பு வெளியாகும் வாரத்தில் வீட்டில் யாரும் அவனிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். நூற்றுக்கணக்கான பூதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வளர்க்கும் அந்த விளையாட்டை விவரம் தெரிந்த நாள் முதல் ஆடி வந்தவன் அவன். "போன வாட்டி எலி. இந்த வாட்டி அதே எலிக்குக் கொம்பு வெச்சிட்டு புதுசுங்கிறான். மூளையே இல்ல லா!" என்று சோற்றுத் தட்டைப் பார்த்துத் திட்டுவான். தன் சமையலைத்தான் சொல்கிறானோ என்று அம்மா ஒரு கணம் முறைத்துவிட்டுப் போவார்.

அப்போது அவனுக்குப் பதினேழு, எனக்குப் பத்து வயது. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குச் சற்றுத் தள்ளியிருந்த விளையாட்டுக் கடையில் பிள்ளைகளுக்குப் பூதம் வரையும் போட்டி வைத்தார்கள். நான்கு கால் முளைத்த முள்ளுத் தோல் டுரியான் பழம் ஒன்றை வரைந்தேன். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. வால் மட்டும் வரவில்லை. எப்படிப் போட்டாலும் காம்பு மாதிரியே இருந்தது. கடைசியில் அண்ணனின் பழைய விளையாட்டுக் கருவியைத் திறந்து, அதிலிருந்த ஒரு பல்லிப் பூதத்தின் சுருள் வாலைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டேன். 'இது முழுக்க என் பிள்ளையின் சொந்தக் கற்பனை' என்று அச்சிட்டிருந்த விண்ணப்பப் பாரத்தில் அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

படத்தைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த அன்று மாலைதானா அண்ணன் புதுப் பதிப்பின் பூதம் ஒன்றில் ஒரு பழைய பூதத்தின் வாலைக் கண்டுபிடிக்க வேண்டும்! "வாலை மட்டும் சுட்டாலும் திருட்டு திருட்டுதான்" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயித்தால் படத்தைக் கடைக் கண்ணாடியில் பெரிதாக ஒட்டுவார்கள். யாராவது கண்டுபிடிப்பார்கள். கையெழுத்துப் போட்டது அப்பா என்பதால் போலீஸ் அவரைத்தான் பிடிக்கும். பரிசுக்கு ஆசைப்பட்டு வரைந்த நானே, தோற்க வேண்டும் என்று மூன்று நாள் பிள்ளையாரை நச்சரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு பார்க்க அண்ணன்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனான். கடைச் சுவர் முழுக்கப் படங்கள். அவற்றில் ஒன்பது டுரியான்கள்! அது டுரியான் காலம். பினாங்குப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த 'யாருக்கும் தோன்றாத' யோசனை தோன்றியிருந்தது. இறக்கை வைத்த டுரியான், கண்ணாடி போட்ட டுரியான், டுரியானையே தின்னும் டுரியான். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நண்டுக் கொடுக்கு முளைத்த ஃபெர்ரிப் படகை வரைந்த, பட்டர்வொர்த்திலிருந்து வந்த சிறுமிக்குப் பரிசைக் கொடுத்தார். எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கைதட்டினேன். அப்பா தப்பித்தார்.

வெளியே வருமுன் அண்ணன் என் படத்தின் முன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். போகலாம் என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"முள்ளு நல்லா வந்திருக்கு பாப்பா. வாலுக்குத்தான் இன்னும் ரெண்டு சுருள் போட்டிருக்கணும்" என்றான். அவ்வளவுதான். பிறகு ஒரு கிண்ணம் ஐஸ் செண்டோல் வாங்கிக் கொடுத்தான்.

வீடு வரும்வரை எனக்கு ஒரே சிரிப்பு. இத்தனை வருஷம் ஆடியும் அந்த வாலை அடையாளம் தெரியவில்லையே என்று அவன்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. அசலில் அந்தப் பல்லிக்கு ஐந்து சுருள். தாளில் இடம் போதாமல் நான் மூன்றோடு நிறுத்தியிருந்தேன். அண்ணன் சொன்ன இரண்டை அதோடு கூட்டிப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.