கடைசி வயலுக்கு முன்னால் நாலு நாள்

அறுவடை மெஷினுக்கு முறை போடுகிற வேலை, ஒரே குறுவையில் ஊர் முழுவதையும் பகைத்துக்கொள்ள ஆண்டவர் நமக்குத் தருகிற அருமையான வாய்ப்பு. தண்ணீர் லாரிக்கோ, திருவிழா மண்டகப்படிக்கோ, கல்யாண மண்டபத்துக்கோ என்றைக்காவது வரிசை போட்டவர்கள் நீங்கள் என்றால், என் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரே ஒரு மெஷின். பத்தாவது படித்திருக்கிறேன், அதட்டிப் பேசத் தெரியாது என்ற இரண்டு தகுதிகளைப் பார்த்து என்னை முறை போட வைத்தார்கள். போன வருஷம் கேட்டவருக்குக் கேட்ட நாளைக் கொடுத்தேன். வரிசை முடிவதற்குள் மழை வந்து, கடைசி இரண்டு வயலில் நெல் சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டது. இந்த வருஷம் கடைசியில் நிற்க யார் சம்மதிப்பார்கள்? எங்கள் வயலையே கடைசியில் போட்டேன். வீட்டுக்காரர் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வருஷத்துச் சாப்பாடு அந்த வயலில்தான் நிற்கிறது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் புராஜெக்ட் பார்க்கிற என் மகள் ஜோஸ்பின்தான் போனில் வழி சொன்னாள். "அம்மா, இதுக்குக் கிரிட்டிக்கல் செயின்னு பேரு. ஆளாளுக்குப் பயத்துல நாளைக் கூட்டிக் கேப்பாங்க. அதையெல்லாம் கழிச்சிடு. கழிச்சதுல கொஞ்சத்தை மட்டும் ஒண்ணாச் சேத்து வரிசையோட கடைசில, கடைசி வயலுக்கு முன்னாடி வை. யாருக்கு நிஜமாத் தடங்கல் வந்தாலும் அதுலேருந்து எடுத்துக்கலாம்." அவர்கள் ஆபீசில் அதற்குப் பஃபர் என்று பெயராம். நான் பொது நாள் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வயலுக்கு முன்னால் நாலு பொது நாள் வந்தது.

பயத்துக்கு எத்தனை நாள்

ராமலிங்கம் அண்ணனுக்கு வாய்க்கால் ஓரம் கொஞ்சம் நிலம். மெஷின் காலையில் இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏறிவிடும். அவர் கேட்டது மூன்று நாள். எதற்கு அண்ணே என்றால், ஒரு நாள் அறுக்க, ஒரு நாள் ஏதாவது ஆனால், இன்னொரு நாள் அந்த ஏதாவதுக்கும் ஏதாவது ஆனால் என்றார். இவ்வளவு முன்யோசனை உள்ளவர் வருஷா வருஷம் களத்துக்குத் தார்ப்பாய் கொண்டுவர மட்டும் மறந்துவிடுவார்.

அரை நாள்தான் என்று அன்பாகச் சொன்னேன். அவர் என்னையும், எங்கள் வீட்டு மாதா படத்தையும், மறுபடி என்னையும் பார்த்தார்.

"கொறச்சது சரி தங்கச்சி. கொறச்ச நாளை நீ எங்க வெச்சிருக்கேன்னு சொல்லு."

சீக்கிரம் வந்த குற்றம்

மெஷின் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, மற்றவர்கள்தான் மெஷினுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது ஜோஸ்பினின் இரண்டாவது பாடம். ஒரு வயல் சீக்கிரம் முடிந்தால் அந்த நிமிஷமே அடுத்த வயலில் இறங்க வேண்டும்.

முதல் வயல் மத்தியானமே முடிந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு மெஷினை அடுத்த வயலுக்கு அனுப்பினேன். அது கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிற பாயோட வயல். அங்கே போனால் தண்ணீர் வடியாமல் கணுக்கால் சேறு. இறக்கினால் மெஷினைத் தூக்க இன்னொரு மெஷின் வேண்டும். வயல் முடிந்த இடத்தில் மிச்சப்பட்ட அரை நாள், பாயோட வரப்பில் வேப்பமர நிழலில் படுத்துத் தூங்கியது. டிரைவரும் கூடவே தூங்கினார்.

அன்று முதல், முறை வருவதற்கு முன்பே வடிகாலைத் திறந்துவிடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தேன். பாய்க்கு மட்டும் மனத்தாங்கல் தீரவில்லை.

"நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னிக்கே வந்து நின்னா எப்படிம்மா? லேட்டா வந்தாக்கூடப் பொறுத்துக்கலாம்."

ஆளுக்குக் கொஞ்சம்

ஒரு வயலைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் அடுத்தது. இது மூன்றாவது பாடம். இரண்டு வருஷம் முன்னால் எல்லார் மனசும் குளிர வேண்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் அறுத்துக் கொடுத்தோம். மெஷின் பாலம் ஏறி, பாலம் இறங்கி, இங்கே இரண்டு சுற்று, அங்கே இரண்டு சுற்று. அந்த வருஷம் வயலில் நடந்த அறுவடையைவிட ரோட்டில் நடந்ததுதான் அதிகம். யாருக்கும் முடியவில்லை, ஆனால் எல்லாருக்கும் ஆரம்பித்திருந்தது!

இந்த முறை வெள்ளைச் சட்டை நாட்டாமைக்காரர் ஆள் அனுப்பாமல் தானே வந்தார். அது எனக்குப் பெருமை என்று அவர் நினைத்தார். அவர் வயலில் ஒரு மூலையை மட்டும் இன்றைக்கு அறுத்துவிட்டால் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்களாம். உங்கள் முறை வரும்போது முழுசாக அறுத்துத் தருகிறேன் ஐயா, அதுவரைக்கும் அவங்க தூக்கத்துக்கு நான் ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பாதி அறுத்தா பாதி நிம்மதிம்மா. அதைக்கூடக் குடுக்க மாட்டேங்கிறீங்க, நீங்கள்லாம் எப்படித்தான் கோயிலுக்குப் போறீங்களோ!"

பொது நாளுக்கு வந்த விருந்தாளிகள்

நாலு பொது நாளில் முதலாவதை மெஷினின் பெல்ட் எடுத்துக்கொண்டது. அறுந்துவிட்டது, கும்பகோணத்துக்குப் போய் வாங்கி வந்து மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்தது. இதற்குத்தானே வைத்தோம் என்று ஜோஸ்பின் சொன்னாள். இரண்டாவதை டிரைவர் எடுத்துக்கொண்டார். ஆத்தூர்ப் பக்கம் தங்கச்சி வீட்டில் காதுகுத்து, தாய்மாமன் இவர். பிள்ளையை மடியில் உட்காரவைக்க வேறு மாமன் இல்லை என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. போய் வாங்க தம்பி என்றுவிட்டேன்.

ஜோஸ்பின் சாயங்காலம் கூப்பிட்டால் யார் லேட் என்று கேட்க மாட்டாள். "வேலை எவ்வளவு பாக்கி, பொது நாள் எவ்வளவு பாக்கி?" என்ற இரண்டே கேள்விதான். வேலையைவிட நாள் வேகமாகக் கரைகிறது என்றேன். இனிமேல் யாருக்கும் கொடுக்காதே என்றாள். மறுநாள் காலையில் சரோஜா வந்தாள். குழுவில் என் பக்கத்தில் உட்காருகிறவள். இன்றைக்கு அஷ்டமி, கதிரில் கை வைத்தால் மாமியார் வீட்டை இரண்டாக்கிவிடுவார், ஒரு நாள் தள்ளிக்கொடு என்றாள். அடுத்த வயலில் ஈரம் காயவில்லை, மாற்றி அனுப்பவும் வழியில்லை. எங்கள் நெல்லுக்கும் மழைக்கும் நடுவில் இருக்கிற நாள்டி அது என்று சொல்லிப் பார்த்தேன்.

"பொதுவுல இருக்கிறதைக் கேட்டா தப்பா அக்கா?"

கடைசி வயல்

மிஞ்சியது ஒரே ஒரு நாள். மேற்கே மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முந்தின வயல் மத்தியானமே முடிந்தது. வீட்டுக்காரர் பேசாமல் இருந்த நாட்களிலேயே வடிகாலை வெட்டிவிட்டிருந்தார் போலிருக்கிறது. வயல் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. பொது நாளைத் தொடவே இல்லை. மெஷின் நேரே இறங்கியது.

நான் வரப்பில் நின்று ஜெபமாலை உருட்டினேன். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். "லூர்து, மாதாவுக்குக் காது கேக்கும். டிரைவரைப் பயமுறுத்தாத," என்றார் வீட்டுக்காரர். அத்தனை நாளுக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கடைசி டேங்க் நெல்லை டிப்பரில் கொட்டித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றும்போது மழை கொட்டத் தொடங்கியது. இந்த வருஷம் ஊரில் ஒரு வயல்கூடச் சாயவில்லை, ஒரு மணி நெல்கூட முளைக்கவில்லை.

மறுநாள் கொள்முதல் நிலையத்தில் எல்லாரும் அவரவர் குவியலுக்குப் பக்கத்தில் நின்றோம். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டேன். ராமலிங்கம் அண்ணன் எங்கள் குவியலில் ஒரு கை நெல்லை அள்ளிப் பார்த்தார். காய்ந்த நெல். தலையை ஆட்டிக்கொண்டார்.

"எங்ககிட்டப் புடுங்குன நாளை நீ எங்க ஒளிச்சு வெச்சேன்னு இப்பத்தான் தெரியுது தங்கச்சி. உன் வயலுக்கு முன்னாடி முழுசா ஒரு நாள் சும்மா நின்னிருக்கு!"

அடுத்த குறுவைக்குக் கடைசி முறை தனக்குத்தான் வேண்டும் என்று அவர் இப்போதே சொல்லி வைத்துவிட்டதால், வழியில் வரப்போகிற பெல்ட்டையும் காதுகுத்தையும் அஷ்டமியையும் மாதாவிடம் விட்டுவிட்டு, முதல் முறையை எங்கள் வயலுக்கு எடுத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருக்கிறேன்.