தலைகீழான மூன்றாம் பிறை

அந்தப் புரட்டாசியில் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமானதால்தான் அனுப்பினார்கள் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அப்படி யாரும் எனக்குச் சொன்னதாக நினைவில்லை. இல்லையென்றும் யாரும் சொல்லவில்லை.

வேங்கிக்காலில் எங்கள் வீடு. அப்பா மாதம் தவறாமல் மொட்டை மாடிக்குப் போய் மூன்றாம் பிறை பார்ப்பார். அவருக்கு அது பழக்கம். பார்த்தால் ஆயுள் கூடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அந்த மாதம் அப்பாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. பிறை தெரிவது மேற்கே, மலைப்பக்கம்; அவர் அறை ஜன்னலோ கிழக்கே பார்த்தது. அம்மா தன் தம்பியை வரவழைத்தாள். மாமா அப்போதுதான் சின்னத் தொலைநோக்கி ஒன்று வாங்கியிருந்தார். கையடக்கமான கேமராவும் வைத்திருந்தார்.

"படத்துல பார்த்தாலும் பார்த்த மாதிரிதானேடா?" என்று அம்மா கேட்டாள். மாமா தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் கேமராவை ஒட்டிப் பிடித்தார். முதலில் வெறும் வெள்ளைத் திட்டு விழுந்தது. வெளிச்சத்தைக் குறைத்தார். பட்டனை அழுத்தும்போது கை ஆடி, பிறை கோடாக இழுபட்டது. டைமர் வைத்தார். அது முடிவதற்குள் பிறை நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டது.

"ஒரு நிமிஷம் நிக்குதா பாரு. பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நெளியுது."

கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஆச்சாடா? மலைக்குப் பின்னால போயிடப் போவுது!"

"நீ கத்துறதுலதான் கேமரா ஆடுதுக்கா!"

பிறை மலையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஒரு படம் சரியாக விழுந்தது. பிறையின் உள்விளிம்பில் குழிகள்கூடத் தெரிந்தன.

கேமராவை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் என்றால் வளர்பிறை, இடப்பக்கம் என்றால் தேய்பிறை என்று பள்ளியில் படித்திருந்தேன்.

"அய்யய்யோ மாமா, இது தேய்பிறை!"

கஞ்சி டம்ளரோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தத் தொலைநோக்கி எல்லாத்தையும் தலைகீழாத்தான் காட்டும் மாமா. வேற ஒண்ணுமில்ல," என்று மாமா அப்பாவிடம் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

நான் அப்பாவின் கையிலேயே கேமராவைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். "இப்படிப் புடிங்கப்பா. இப்போ வளர்பிறை."

"ஆமா பாப்பா, வளருது," என்று அப்பா சிரித்தார்.

"பார்த்துட்டீங்க இல்ல? நல்லா பார்த்தீங்க இல்ல?" அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். இன்று என் மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் நானும் அப்படித்தான் கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் வெளியே வந்த பிறகு கதவருகே நின்று திரும்பிப் பார்த்தேன். வெளிச்சம் மறுபடி இடப்பக்கம் வரும்படி அப்பா கேமராவைப் பழையபடியே திருப்பிப் பிடித்திருந்தார். திரை அணைந்ததும் பட்டனைத் தொட்டு மறுபடி பார்த்தார். அப்பாவுக்குக் கேமரா பிடிக்கத் தெரியவில்லை, காலையில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடப் போனேன்.