வேலிக்கு வெளியே நின்று கேட்ட தண்ணீர்

பெரிய வியாழன் காலையில் கைபேசி சிணுங்கியது. ஒரு சிலுவைப் படம், பக்கத்தில் இரண்டு ரோசாப்பூ. அறிந்தோ அறியாமலோ உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள் என்று கீழே ஒரு வசனம். அனுப்பியவர் எனக்கு ஒரு குற்றமும் செய்யாதவர். போன மாதம் ஒரு பை கொய்யாப்பழம்கூடத் தந்தவர். அதே படம் மத்தியானத்துக்குள் இன்னும் பலரிடமிருந்து வந்து சேர்ந்தது. உண்மையிலேயே என்னைப் புண்படுத்திய இரண்டொருவர் இருக்கிறார்கள். அவர்கள் மட்டும் அனுப்பவில்லை. நான் மட்டும் என்ன, யாருக்கு எதற்கென்று யோசிக்காமல் அதையே நாலு பேருக்குத் தள்ளிவிட்டேன். பிறகு தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனவள், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் பெரிய வியாழன் என்றாலே தண்ணீர்தான். கற்பிட்டிக்குப் போகிற வழியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடக்கிற மணல் தரை. சுற்றிவர முஸ்லிம் ஊர்கள், நடுவில் கத்தோலிக்க வேதக்காரர் நாங்கள் ஒரு கொத்து வீடு. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்குத் தீங்கு செய்தவர் பெரிய வியாழன் பகலில் அந்த வீட்டு வேலிக்கு வெளியே போய் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பக்கமும் எடுப்பதில்லை. தண்ணீர் கிடைத்தால் விசயம் தீர்ந்தது. கிடைக்காவிட்டால் பேசாமல் திரும்பிப் போய்விட்டு அடுத்த வருசம் வரலாம். ஆனால் தண்ணீர் மறுக்கப்பட்டவர் பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய சுரூபத்தைக் கிடத்திச் சுமக்கிற பாடைக்குத் தோள் கொடுக்கக் கூடாது. சிலுவையில் தொங்கியவர் தாகம் என்று கேட்டபோது காடியைத்தானே கொடுத்தார்கள், அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது என்று ஊரில் சொல்வார்கள். எந்தச் சாமியாரும் கோயிலில் இதை அறிவித்ததில்லை.

பெரும்பாலும் சின்னச் சின்ன வழக்குகள்தான். கோழி தோட்டத்தைக் கிளறியது, வலைக்கு மேல் வலை விட்டது, கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டது. வருசம் முழுக்கச் சண்டை பிடித்த மச்சாள்மார் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வேறு வேறு ஒழுங்கையால் போய், ஆளில்லாத வீடுகளுக்கு முன்னால் நின்று தண்ணீர் தண்ணீர் என்று கூப்பிட்ட கதையும் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லி ஊர் நெடுநாள் சிரித்தது.

எங்கள் வீட்டு விசயம் சிரிக்கிற விசயமாக இருக்கவில்லை. அப்பா எனக்கு நினைவு தெரிய முன்பே போய்விட்டார். அம்மா, அண்ணன் பிலிப்பு, நான், இவ்வளவுதான் வீடு. சூசை என்பவருடைய படகில் அண்ணன் தொழிலுக்குப் போனான். ஒருநாள் விடியற்காலை கரைக்குத் திரும்புகிறபோது, எஞ்சின் பிடித்திருந்த சூசை கசிப்பு வெறியில் படகை அலைக்குக் குறுக்கே கொடுத்துவிட்டார். படகு புரண்டது. சூசை நீந்திக் கரைக்கு வந்தார். அண்ணனை மறுநாள்தான் கடல் கொண்டுவந்து போட்டது.

நான் அப்போதுதான் கூட்டுறவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். படகுக்காரருக்கு மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கிற வேலை. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் கையை விட்டுப் போகாத மணம் அது. பூசைக்குப் போய்க் கைகூப்பினால் சாம்பிராணியை அமுக்கிக்கொண்டு மண்ணெண்ணெய்தான் மூக்கில் ஏறும். பரலோகத்துக்கே என்னை வாடையால் அடையாளம் தெரியும் என்று அம்மா கேலி செய்வாள். சூசையும் கானைத் தூக்கிக்கொண்டு வருவார். முகத்தைப் பாராமல் அளந்து ஊற்றிவிடுவேன். அவர் குடியை விட்டுவிட்டார் என்று ஊர் சொன்னது. விட்டால் எனக்கென்ன என்றுதான் நினைத்தேன்.

அடுத்த பெரிய வியாழன் அவர் எங்கள் மட்டை வேலிக்கு வெளியே வந்து நின்றார். அம்மா அடுப்படியை விட்டு அசையவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுப் போனார். அதற்கடுத்த வருசமும் அப்படித்தான். அம்மாவை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. அண்ணன் போன நாளிலிருந்து அம்மா பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குவதில்லை. பூசைக்கு ஒருநாளும் தவறமாட்டாள். கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். பிறர் செய்த குற்றத்தை நாங்கள் பொறுப்பதுபோல என்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். அந்த ஒரு வரி போனபிறகு மறுபடி சேர்ந்துகொள்வாள். சின்னக் கோயில், அம்மாவோ பெரிய குரல்காரி. அவள் நிறுத்தினால் எல்லாருக்கும் தெரியும்.

சாமியார் வீட்டுக்கு வந்து ஏனென்று கேட்டார்.

"ஆண்டவரிட்ட எப்பிடிச் சாமி பொய் சொல்றது? பொறுக்கேல்ல, அதால சொல்லேல்ல" என்றாள் அம்மா.

புத்தி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "அப்ப அந்த இடத்தில நில்லுங்கம்மா. பூசைக்கு வாறத மட்டும் விட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

குசினிச் சுவர்த் தட்டில் அண்ணனுடைய எனாமல் பேணி இருந்தது. வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கோடு. அதில்தான் அவன் எல்லாம் குடிப்பான். படகுக்கும் கொண்டுபோவான், கடைசி நாள் மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்குப் பிறகு அதை யாரும் தொடக் கூடாது. சனிக்கிழமைகளில் அம்மா மட்டும் எடுத்துச் சாம்பல் போட்டு மினுக்கி வைப்பாள். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளை தெரியாமல் அதில் தண்ணீர் மொள்ளப் போய், அம்மா போட்ட சத்தத்தில் நடுங்கிப்போனது.

பிறகு வந்த ஒரு பெரிய வியாழன். விடிய முன்பே அம்மாவைக் காணவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஒரு ஹாஜியாருடைய வெங்காயத் தோட்டத்துக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். தவசு நாள், ஒருவேளை மட்டும் உண்கிற ஒருசந்தி வயிறு. அந்த வயிற்றோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். எதற்கென்று கேட்டேன், குடத்தை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சூசை வந்து நின்று, "அக்கா, குடிக்கத் தண்ணி தாங்க" என்றார்.

அம்மா குடத்தைச் சரித்து அண்ணனுடைய பேணியில் ஊற்றினாள். வேலிக்கு மேலால் நீட்டினாள். சூசைக்கு அந்தப் பேணியைத் தெரியும். படகில் எத்தனை நாள் பார்த்திருப்பார். வாங்கியவர் விளிம்பில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் நின்றார்.

"குடி தம்பி. நல்ல தண்ணி."

குடித்தார். அழுதுகொண்டேதான் குடித்தார். வெறும் பேணியைத் திருப்பி நீட்டியபோது அம்மா வாங்கவில்லை.

"அது உனக்குத்தான். கொண்டு போ."

அவர் போனதும் நான் அம்மாவோடு சண்டைக்கே போய்விட்டேன். தண்ணீர் கொடுத்தது சரி, பேணியை ஏன் கொடுத்தாய் என்று கத்தினேன். அம்மா தட்டில் வெறுமையாகக் கிடந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவர் சும்மாவா பொறுத்தவர்? உசிரைக் குடுத்தெல்லே பொறுத்தவர். என்னட்ட அதுதான் இருந்தது."

பின்னேரம் பூசை. செபம் அந்த இடத்துக்கு வந்தது. பழகிப்போன சனம் அம்மாவுடைய நிறுத்தத்துக்காகத் தானும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. அந்த அமைதிக்குள் அம்மாவின் குரல் மட்டும் தனியாக எழும்பி அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை சொன்னது. நடுவில் ஒரு தரம் உடைந்து, மறுபடி பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்னுடைய மண்ணெண்ணெய்க் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இவள் என் அம்மா என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அன்று அம்மா நன்மை வாங்கினாள். மறுநாள் சூசை ஆண்டவருடைய பாடைக்குத் தோள் கொடுத்தார்.

அந்தப் பேணியை அவர் வைத்துக் குடித்தாரோ, அலுமாரியில் பூட்டி வைத்தாரோ தெரியாது. அம்மா ஒருநாளும் விசாரிக்கவில்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை. மட்டை வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன, கேற்றுகள் எந்நேரமும் பூட்டியே கிடக்கின்றன. பெரிய வியாழனில் யாரும் யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை. ஊருக்குப் போகிறபோது நான் பூசையில் பின்வரிசையில் இருந்துகொள்வேன். அந்தச் செபத்தில் அந்த இடம் வரும்போது, எங்கேயாவது ஒரு வாய் மூடுகிறதா என்று பார்ப்பேன். எல்லாரும் தங்குதடை இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.