குனிந்தால் வலிக்காது

அப்பா மாரடைப்பு வந்து, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். ஆள் பிழைத்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். சில வாரம் போனதும் காய்ச்சல் கண்டது. மல்லாந்து படுத்தால் நெஞ்சு குத்தியது, மூச்சு முட்டியது. முன்னால் குனிந்தால் வலி விட்டது. தவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார்.

அம்மா மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இருதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, ஊசி குத்தி எடுக்க வேண்டும், இன்றே சேர்ந்துவிடு என்றாராம் டாக்டர். அப்பா கேட்கவில்லை.

நடவு நேரம். நிலம் மிராசுதாருடையது, நாங்கள் குத்தகை. தானே உழைத்துச் சாகுபடி செய்கிறவனை வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. அதனால் மிராசுதாரின் காரியக்காரர் தினமும் சைக்கிளில் வந்து, யார் வயலில் இறங்கவில்லை என்று பார்த்துப் போவார். படுத்துவிட்டான் என்று தெரிந்தால் நிலம் போய்விடும். கீழத்தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதாள்.

"ஏன்டி அழுவுற? நாத்துப் பறிக்கிறவன் குனிஞ்சுதானே கெடக்கணும்? எனக்குக் குனிஞ்சாத்தான் சொகம். வேலைக்கு ஏத்த வியாதியாத்தான் வந்திருக்கு" என்றார் அப்பா.

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

மறுநாள் காலையில் நாற்றங்காலில் இறங்கினார். கால் வீங்கியிருந்தது. சேற்றில் முழங்கால் ஊன்றிக் குனிந்துகொண்டார். அவர் பங்கையும் சித்தப்பாவே பறித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் பறிப்பதுபோல்தான் இருக்கும். என்னை வாய்க்கால் மதகில் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

சித்தப்பா நாற்றுமுடிகளைத் தூக்கிக்கொண்டு நடவு வயலுக்குப் போயிருந்தபோது காரியக்காரர் வந்தார். சைக்கிளில் காலூன்றி வெகுநேரம் பார்த்தார்.

"என்ன புள்ள, ஒங்கப்பன் இனிமே எந்திரிக்க மாட்டான்னாங்க?"

"அப்பாவுக்கு நல்லாயிடுச்சுங்க" என்றேன். அம்மா சொல்லிக்கொடுத்தது.

"நல்லாத்தான் இருக்கான்." வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏறிப் போனார். முகம் செத்துப்போயிருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிலம் தப்பித்தது. வரப்பில் விழுந்தடித்து ஓடினேன். அப்பா நெற்றியை நாற்றில் வைத்துக் குனிந்தபடியே இருந்தார். கையில் ஒரு பிடி நாற்று.

"அவரு போயிட்டாருப்பா. நிமிருங்க."

நிமிரவில்லை. இன்னும் இரண்டு தடவை சொன்னேன். குனிந்தால்தானே அவருக்குச் சுகம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று, நானும் பக்கத்தில் குனிந்து நாற்றுப் பறிக்க ஆரம்பித்தேன்.